முப்பத்தெட்டு பச்சைப் பொய்

அத்தியாயம் 7

அந்த அறைக் கதவுக்கு உட்பக்கம் கைப்பிடி கிடையாது. கார்டைக் காட்டினால்தான் திறக்கும். கார்டு மேனேஜர் சூரியபிரகாஷின் கழுத்தில் தொங்கியது. சூரியபிரகாஷ் கதவுக்கு வெளியே இருந்தார்.

"தங்கச்சி, நம்மள விசாரிக்கக் கூப்பிட்டாகளா, இல்ல ரிமாண்ட்ல வச்சிருக்காகளா?" என்றார் ஜெயபாண்டி.

"பேசாம இருங்கண்ணே."

"நான் பேசாம இருந்தாலும் இந்த ஏசிக்கு என் பல்லு தானாப் பேசுது. அதுக்கு யாரு வாயப் பொத்துறது?"

ஜெயபாண்டி அண்ணன் என் உதவியாளர். எட்டு வருஷம் மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பொய் டிக்கெட்டைக் கையில் வாங்கும்போதே கண்டுபிடித்துவிடுவார். அந்த ஒரு தகுதிக்காகத்தான் அவரை வேலைக்கு வைத்தேன். சிம்மக்கல்லில் ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்கு மேலே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அதுதான் என் ஆபீஸ். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஏதாவது கெட்டுப்போனால் யார் கெடுத்தது என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதிக் கொடுப்பேன். பெரிய கம்பெனிகள் இதற்குப் பெங்களூரிலிருந்து ஆள் வரவழைக்கும். சின்னக் கம்பெனிகளுக்கு இந்த ரோகிணி போதும்.

இந்தக் கம்பெனி காளவாசல் சிக்னலைப் பார்த்த மூன்றாவது மாடி. இங்கே அறிக்கையைச் சூரியபிரகாஷே அடித்து வைத்திருந்தார். கீழே என் கையெழுத்து மட்டும் வேண்டுமாம். படிக்காமல் போடமாட்டேன் என்றேன். சரி, உள்ளே உட்கார்ந்து படியுங்கள் என்றார். செல்போன்களை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பாதுகாப்பு விதியாம்.

அறையில் எங்களோடு அடைபட்டிருந்த மூன்றாவது ஆள் சரண்யாதேவி. குற்றவாளி அவள்தான் என்று அறிக்கை சொன்னது. இருபத்து நான்கு வயது. செக்கானூரணிப் பக்கத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவள். அவள் முன்னால் ஒரு கடிதமும் ஒரு பேனாவும் இருந்தன. பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, அந்தச் சத்தம் என் நரம்பை அறுத்தது.

நடந்தது இதுதான். ஒரு நர்சிங் கல்லூரிக்கு இந்தக் கம்பெனி விண்ணப்ப வெப்சைட் செய்து கொடுத்தது. கடைசித் தேதியில் அறுபத்து மூன்று பெண்கள் விண்ணப்பித்தார்கள். பட்டனை அழுத்தினார்கள். 'நன்றி' என்று வந்தது. ஆனால் ஒருவர் விண்ணப்பமும் கல்லூரிக்குப் போய்ச் சேரவில்லை. அறுபத்து மூன்று பேருக்கும் ஒரே ஒரு ஒற்றுமை. அப்பா பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். கம்பெனி கல்லூரிக்குச் சொன்ன பதில், 'அந்தப் பெண்கள் பட்டனையே அழுத்தவில்லை.' கல்லூரி அதை நம்பிவிட்டால் நல்லது. நம்பாவிட்டால் காட்டுவதற்கு ஒரு கழுத்து வேண்டும். அந்தக் கழுத்துதான் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது.

'வேலையை முடித்ததாகக் காட்டுவதற்காக, சோதனைகளை வேண்டுமென்றே போலியாகத் தேர்ச்சி பெறச் செய்தேன்.' கடிதம் இப்படித் தொடங்கியது.

"கையெழுத்துப் போட்டா என்ன குடுப்பாரு?" என்று கேட்டேன்.

"என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுக்கா. வேலைக்குச் சேந்தப்பவே வாங்கி லாக்கர்ல வச்சுக்கிட்டாங்க. டிகிரி, மார்க் ஷீட்டு, சாதிச் சான்றிதழ், எல்லாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மெட்ராஸ்ல சர்டிபிகேட் வெரிபிகேசன். கவர்மெண்ட் வேல. நைட்டு ஒம்பதரைக்கு மாட்டுத்தாவணில பஸ்சு."

"போடலைன்னா?"

"லாக்கர் சாவி வெளியூர் போயிருச்சு, திங்கக்கிழம வாங்கிக்கன்னு சொல்லுறாரு."

"போட்டா, அந்த லெட்டர் பின்னாடி போலீஸ் வெரிபிகேசன்ல வந்து நிக்கும்."

"தெரியும்க்கா."

போட்டாலும் வேலை போகும், போடாவிட்டாலும் போகும். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். அந்தக் காகிதத்தை வாங்க எத்தனை வருஷம் ஆயிற்று, எத்தனை பேர் வாயில் விழுந்து எழுந்தேன் என்பது எனக்குத் தெரியும். அதை ஒருத்தன் அடகு வாங்கிய மாடு மாதிரி லாக்கரில் கட்டிவைத்துக்கொண்டு பேரம் பேசுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மணி என்னண்ணே?"

"மூணே முக்கா. அஞ்சு மணிக்கு அவரு வீட்டுக்குப் போயிருவாராம். நம்மள ஏசியோட விட்டுட்டுப் போவாரா, அதையும் அணைச்சுட்டுப் போவாரா தெரியல."

லேப்டாப்பைத் திருப்பினேன். விசாரணைக்கென்று அவர்களே கொடுத்தது.

ஜெயபாண்டி எட்டிப் பார்த்தார். "எனக்கு விளங்குற மாதிரி சொல்லு. இந்தப் பிள்ள என்ன பண்ணுச்சுன்னு சொல்றாக?"

"வெப்சைட்டு சரியா வேல செய்யுதான்னு மனுசன் ஒவ்வொரு தடவையும் அமுக்கிப் பாக்க முடியாதுல்லண்ணே. அதுக்கு டெஸ்ட்டு எழுதி வப்பாங்க. அதுவே பக்கத்தத் தொறக்கும், பேர அடிக்கும், பட்டனை அமுக்கும், விண்ணப்ப நம்பர் வருதான்னு பாக்கும். வந்தா பச்ச, வரலைன்னா சிவப்பு. இத்தன வருசமா ஒரு பழைய முறையில எழுதியிருந்தாங்க. இப்ப புது முறைக்கு மாத்தச் சொல்லி இவகிட்ட குடுத்தாங்க."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பழசுல ஒரு வேல முடிஞ்ச பிறகுதான் அடுத்தது தானா ஆரம்பிக்கும். புதுசுல ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி 'அவெய்ட்'னு ஒரு வார்த்த போடணும். காத்திருன்னு அர்த்தம். போடலைன்னா பட்டனை அமுக்கச் சொல்லிட்டு, என்ன ஆச்சுன்னு பாக்காமலே பச்ச காட்டிட்டுப் போயிரும்."

"ஆளு ஏறுறதுக்கு முன்னாடியே விசிலடிச்சுட்டு, டிரிப்பு ஃபுல்லுன்னு எழுதிக்குடுக்குற மாதிரி."

"அதேதான்."

"அப்ப அம்புட்டும் பச்சப் பொய்யி."

வரிவரியாக எண்ணினேன். முப்பத்தெட்டு டெஸ்ட்டுகளில் அந்தச் சொல் இருந்து, பிறகு எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தது ஒரே தடவையில், விண்ணப்பம் தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை நான்கு பத்துக்கு, சரண்யாவின் லாகினிலிருந்து. புரோகிராம் கோடில் எதை மாற்றினாலும் மாற்றியவர் ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும். அந்த வரி இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக இருந்தது. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

'எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆயிடுச்சு.'

"அண்ணே, பஸ்ஸ விட்டுட்டா நம்ம ஊருல என்ன சொல்லுவோம்?"

"பஸ்சு போயிருச்சு."

"மெட்ராஸ்ல?"

"போயிடுச்சும்பாங்க. ரெண்டு ஊருலயும் பஸ்சு போனது போனதுதான் தங்கச்சி."

"செக்கானூரணிக்காரி 'ஆயிடுச்சு'ன்னு எழுதுவாளா? 'ஆயிருச்சு'ன்னுதான் எழுதுவா. சரண்யா, நீ இத எழுதியிருக்கவே மாட்ட. உன் லாகின்ல புகுந்து வேற ஆளு எழுதியிருக்கான். இந்த ஆபீஸ்ல மெட்ராஸ்காரரு யாரு?"

சரண்யா பேனா மூடியை மாட்டினாள். "சூரியபிரகாஷ் சார் மட்டுந்தான்க்கா" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கண்ணாடிக் கதவைத் தட்டினேன். சூரியபிரகாஷ் கையில் காபியோடு வந்தார். ஒரு டம்ளர் மட்டும், அவருக்கு.

"படிச்சாச்சா மேடம்?"

"படிச்சேன் சார். நீங்க எனக்கு எழுதிக்குடுத்த வாக்குமூலத்தையும் படிச்சேன். 'டெஸ்ட் எதுவும் சிவப்பாக வந்ததை நான் பார்க்கவில்லை, யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சரிதானே?"

"கரெக்ட். பச்சையை மட்டும்தான் காட்டினாங்க."

"இந்தக் குறிப்புல 'டு' இருக்கு சார். மதுரைக்காரங்க 'ரு'தான் போடுவோம்." லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். சினிமாவில் துப்பாக்கி நீட்டுவது மாதிரி நீட்டினேன் என்றே சொல்ல வேண்டும்.

அவர் குனிந்து படித்தார். பிறகு சிரித்தார். காபி தளும்புகிற அளவுக்குச் சிரித்தார்.

"இவ்ளோதானா உங்க துப்பு? சரண்யா, நீயே சொல்லிடேன்."

சரண்யா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சேந்த புதுசுல மெட்ராஸ்ல மூணு மாசம் டிரெய்னிங்க்கா. குரூப்ல 'முடிஞ்சிருச்சு'ன்னு மெசேஜ் போட்டேன். அதப் படிச்சுப் படிச்சு எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு வாரம் என் பேரே 'ருச்சு'தான். அதுலருந்து டைப் அடிக்கிறப்ப எல்லாம் 'டு' போடுவேன். வாயிலதான் வராது."

ஜெயபாண்டி லேப்டாப்பை மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அஞ்சு மணி வரைக்கும்தான், மேடம். கையெழுத்து இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சூரியபிரகாஷ் கார்டைக் காட்டினார். கதவு திறந்தது. மூடியது.

நான் சரண்யாவைப் பார்த்துக் கத்தினேன். "ஏன்டி, நான் அவ்வளவு தூரம் பேசுறேன், வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாது?"

"நீங்க கேக்கலையேக்கா. 'நீ எழுதுனியா'ன்னு நீங்க கேக்கவே இல்ல. 'நீ எழுதியிருக்கவே மாட்ட'ன்னு நீங்களாத்தான் சொன்னீக."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவள் எப்படிப் பேசுவாள், எப்படி எழுதுவாள் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். டிரெய்னிங்கில் சிரித்தவர்களுக்கும் எனக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "சரி. இப்பக் கேக்குறேன். அந்த வார்த்தைய எடுத்தது யாரு?"

"நான்தான்."

கீழே சிக்னலில் ஒரு டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

"வியாழக்கிழம புது முறையில மொதத் தடவ ஓட்டுனேன். நாப்பத்தொண்ணு சிவப்பு. அதுல மூணு என் தப்பு, பட்டன் பேர மாத்தி எழுதிட்டேன். திருத்துன உடனே அது மூணும் பச்சையாயிருச்சு. மிச்சம் முப்பத்தெட்டும் நெசமான சிவப்பு. அப்பா பேரு இல்லாட்டி விண்ணப்பம் சேவ் ஆகல. அந்தக் கட்டத்தப் போன மாசந்தான் மாத்துனாங்க, அதுல கெட்டுப்போச்சு. சார்கிட்டச் சொன்னேன். என் சேருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, 'பழைய டெஸ்ட்டுல இந்த வார்த்தையே இல்ல, பச்சையாத்தானே இருந்துச்சு? அது எதுக்கு? எடுத்துடு'ன்னாரு."

"எடுத்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அவருக்கும் சொன்னேன். 'திங்கக்கிழமை விண்ணப்பம் ஓப்பன் ஆகணும், உன் சர்டிபிகேட்டு என்கிட்டதான் இருக்கு'ன்னாரு. எடுத்துட்டேன்."

"அந்தச் சிவப்பு ரிப்போர்ட்டு?"

"ஒவ்வொரு தடவ ஓட்டும்போதும் அவரு மெயிலுக்குப் போகும். சர்வர்ல இருந்தத அழிச்சுட்டாரு. இடம் பத்தலையாம்."

"அவரு சொன்னதக் கேட்டவங்க?"

"யாரும் இல்லக்கா."

சாட்சி இல்லை, காகிதம் இல்லை. மணி நான்கு இருபத்தைந்து. கையில் இருந்த ஒரே துப்பும் அவளையே காட்டிக்கொடுத்துவிட்டது. ஜெயபாண்டி எழுந்து போய்க் கதவின் கீழ் இடுக்கை, ஜன்னல் கண்ணாடியை, கூரையை எல்லாம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மினிபஸ்சுலகூட எமர்ஜென்சி கதவுன்னு ஒண்ணு எழுதியாச்சும் இருக்கும்" என்றார்.

வேறு எதைப் படிப்பது என்று தெரியாமல் அந்தக் கடிதத்தை இழுத்தேன். கோபத்தில் முதல் வரியோடு நிறுத்தியிருந்தேன். இப்போது மூன்றாவது வரிக்கு வந்ததும் என் விரல் நின்றது. இரண்டாம் தடவை படித்தேன்.

"சரண்யா, இந்த லெட்டர அடிச்சது யாரு?"

"சார்தான். நேத்தே அடிச்சு வச்சிருந்தாரு."

"இதுல எதையாச்சும் நீ சொல்லிக்குடுத்தியா?"

"நான் இன்னும் முழுசாப் படிக்கவே இல்லக்கா."

எழுந்து கதவைத் தட்டினேன். பலமாக.

சூரியபிரகாஷ் உள்ளே வந்ததும் ஜெயபாண்டி ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிக் கதவிடுக்கில் நிறுத்தினார். கதவு பாதியில் நின்று பீப் பீப் என்று கத்தியது.

"காத்து வரட்டும் சார்" என்றார்.

நான் முகத்தை முடிந்த அளவு அப்பாவியாக வைத்துக்கொண்டேன். "கையெழுத்துப் போட்டுறலாம் சார். லெட்டர்ல ஒரு சின்னத் தப்பு இருக்கு. அதத் திருத்திட்டா போதும்."

"என்ன தப்பு?"

"'நாற்பத்தொரு சோதனைகள்'னு அடிச்சிருக்கீங்க. முப்பத்தெட்டுதானே?"

"இல்ல மேடம். நாற்பத்தொண்ணுதான்."

"கோடுல எண்ணிப் பாத்தேன் சார். முப்பத்தெட்டு."

"நீங்க தப்பா எண்ணிட்டீங்க. நாற்பத்தொண்ணு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ரிப்போர்ட்டுல மேலேயே பெருசா…"

நிறுத்தினார்.

கதவு மட்டும் பீப் அடித்துக்கொண்டிருந்தது.

"எந்த ரிப்போர்ட்டுல சார்?" என்றேன். "எடுத்தது முப்பத்தெட்டு. பச்ச ரிப்போர்ட்டுல தேடுனாலும் கோடுல தேடுனாலும் நாற்பத்தொண்ணு கெடைக்காது. அந்த நம்பர் வியாழக்கிழமை வந்த சிவப்பு ரிப்போர்ட்டுல மட்டும்தான் இருந்துச்சு. நீங்க பாக்கவே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்த ரிப்போர்ட்டு."

ஜெயபாண்டி மெதுவாக, ஏதோ துக்க வீட்டில் பேசுகிறவர் மாதிரி சொன்னார். "டிக்கெட்டு கிழிச்சாச்சு சார். இனிமே ஸ்டாப்பிங்ல எறங்கவும் முடியாது."

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சூரியபிரகாஷ் நாற்காலியைத் தாண்டி வெளியே போனார். மூன்றே நிமிடத்தில் திரும்பி வந்தார். வெளியூர் போயிருந்த லாக்கர் சாவி அவர் கையில் ஆடியது. மறு கையில் ஒரு நீலக் கோப்பு. அதை மேசையில் வைத்தார். கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"சரண்யா, எல்லாம் இருக்கான்னு பார்த்துக்கோ. லெட்டர் வேணாம். மேடம், உங்க அறிக்கையும் வேணாம். அந்தப் பொண்ணுங்க பட்டனை அழுத்தலைன்னு காலேஜ் கிட்டத்தட்ட நம்பிட்டாங்க. அது அப்படியே இருக்கட்டும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

சரண்யா ஒவ்வொரு காகிதமாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பத்தாவது. பன்னிரண்டாவது. டிகிரி. சாதிச் சான்றிதழ். எல்லாம் இருந்தன.

உண்மையைச் சொல்கிறேன். நானே அவளிடம், "கெளம்பு. பஸ்ஸப் பிடி" என்றேன். அந்த அறுபத்து மூன்று பேரையும் நான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எப்படி என்று தெரியாது. ஆதாரம் என்று இருந்த ஒரே காகிதம் அப்போதுதான் என் கண்ணெதிரே நாலு துண்டானது. ஆனாலும் கதவு திறந்திருந்தது, கோப்பு அவள் கையில் இருந்தது. முதல் வேலையாக அவள் வெளியே போகட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

அவள் கோப்பைப் பைக்குள் வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். கதவு வரைக்கும் போனாள்.

"அக்கா, அந்த லேப்டாப்ப இங்கிட்டுத் தள்ளுங்க."

"எதுக்கு?"

"எங்க அப்பா யாருன்னு எனக்குத் தெரியாதுக்கா. எந்த ஃபாரத்துலயும் அந்தக் கட்டத்தக் காலியாத்தான் விடுவேன். பழைய டெஸ்ட்டு எல்லாத்துலயும் அப்பா பேரு அடிச்சுத்தான் இருந்துச்சு. அதான் அந்த முப்பத்தெட்டு டெஸ்ட்டையும் நானாப் புதுசா உக்காந்து எழுதுனேன். யாரும் சொல்லல."

நின்றுகொண்டே தன் லாகினில் நுழைந்தாள். எடுத்ததைத் திரும்பப் போடுவது அவளுக்கு ஒரு நிமிட வேலை. முப்பத்தெட்டு இடத்திலும் அந்தச் சொல் திரும்ப வந்து உட்கார்ந்தது. கீழே குறிப்பு எழுதுகிற கட்டம் வந்தது. அடித்தாள்: 'எடுத்தது நான். எடுக்கச் சொன்னது சூரியபிரகாஷ் சார். அறுபத்து மூணு பேரும் பட்டனை அமுக்கியிருக்காங்க.'

"உன் பேரையும் போட்டுட்ட. நாளைக்கு இது உன்னையும் வந்து பிடிக்கும், தெரியும்ல?" என்றேன்.

"தெரியும்க்கா." டெஸ்ட்டுகளை ஓட்டுகிற பட்டனை அழுத்தினாள்.

சூரியபிரகாஷ் பாய்ந்தார். ஜெயபாண்டி நடுவில் வந்து நின்றார். "சார், வண்டி ஓடுறப்ப குறுக்க வராதீக. கம்பியப் பிடிச்சு நில்லுங்க."

"சரண்யா, லூசா நீ? அந்த ரிப்போர்ட் யாருக்குப் போகும்னு தெரியுமா?"

"தெரியும் சார். பச்சையா வந்த அன்னைக்கு, காலேஜ் பிரின்சிபால் மெயிலையும் லிஸ்ட்டுல சேக்கச் சொன்னீங்க. தினமும் பாத்து அசந்து போகட்டும்னு சொன்னீங்க. அன்னைக்கே சேத்துட்டேன். நான் எழுதுன குறிப்பும் அதோடயே போகும்."

திரையில் முதல் வரி ஓடியது. பேர் அடித்தது. அப்பா பெயர்க் கட்டத்தைத் தாண்டியது. பட்டனை அழுத்தியது. இந்தத் தடவை காத்திருந்தது. விண்ணப்ப எண் வரவில்லை. சிவப்பு. அடுத்தது, சிவப்பு. நாலு பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் வெளியே போகவில்லை. கதவு பீப் அடிப்பதை நிறுத்திவிட்டதா, என் காதுதான் அடைத்துவிட்டதா தெரியவில்லை. முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தெட்டு.

மெயில் போய்விட்டது என்று திரையின் மூலையில் ஒரு வரி எழும்பி மறைந்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. சூரியபிரகாஷின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது.

சரண்யா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எடுங்க சார்" என்றாள். "அந்தப் பிள்ளைக பட்டனை அமுக்குச்சா இல்லையான்னு கேப்பாங்க. ஒரு தடவையாச்சும் நெசத்தச் சொல்லுங்க."